சுண்டுவிரல் செய்த பன்னிரண்டு கொலைகள்

அன்புள்ள மகனுக்கு,

சிட்லபாக்கம் ஏரியின் மீது ஆணையாக, முப்பத்தைந்து வருடமாக நான் கேஸ் நிரப்பி உயிர்கொடுத்த அத்தனை ஃப்ரிட்ஜ்களின் மீதும் ஆணையாக, உலகத்தில் ஒருவரும் நம்பப்போகாத கதை ஒன்றை உனக்குச் சொல்லப்போகிறேன். உன் அம்மா நம்ப மாட்டாள். நான் மணி சொன்னாலே சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்துச் சரிபார்க்கிறவள் அவள். நீயும் நம்ப மாட்டாய். இருந்தாலும் உன் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் சட்டைகளுக்கு மேலே, கண்ணில் படுகிற மாதிரி இதை வைக்கிறேன். வாயால் சொன்னால் பாதியில் ஏதாவது வேடிக்கை பேசி நழுவிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். கதையில் தலை துண்டிப்பு உண்டு, வால் அறுப்பு உண்டு, குடல் உருவல் உண்டு. பிணங்களை எண்ணத் தொடங்கினால் இந்தப் பூமியில் இதுவரை பிறந்த மனிதர்களைவிட அதிகம் வரும். கொலைகாரன் இரண்டு வருடமாகப் பிடிபடவில்லை. அவன் இப்போது நம் வீட்டுக் கூடத்தில், பனியனோடு, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறான்.

நேற்று நீ பைண்டிங் கடையிலிருந்து உன் ஆய்வேட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். எனக்குப் புரியக்கூடிய ஒரே பக்கம் நன்றி சொல்லும் பக்கம்தான் என்பதால் அதைத் திறந்தேன். 'ஃப்ரீசர் பழுதான ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆய்வகத்தைக் காப்பாற்றிய என் அப்பாவின் கைகளுக்கு' என்று எழுதியிருந்தாய். டேய், வேறு உறுப்பே கிடைக்கவில்லையா உனக்கு? என் தொப்பைக்கு நன்றி சொல்லியிருக்கலாம், என் வழுக்கைக்குச் சொல்லியிருக்கலாம். பிறகு அந்தப் பக்கத்தில் கவிதாவின் பெயரைத் தேடினேன். மூன்று வருடம் உன் பக்கத்து மேஜையில் வேலை செய்தவள், கோவளத்துப் பக்கம் கடற்கரைக் குப்பத்திலிருந்து படித்து மேலே வந்தவள், நம் வீட்டில் சாப்பிட வந்து குழம்பில் உப்பு கம்மி என்று உன் அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்ன ஒரே வீராங்கனை. அவள் பெயர் இல்லை. கேன்டீன்காரர் பெயர் இருக்கிறது.

அதைக்கூட நான் விழுங்கியிருப்பேன். சாயந்திரம் பெட்டி அடுக்கிக்கொண்டே நீ அம்மாவிடம் சொன்னதுதான் தொண்டையில் நின்றுவிட்டது. கவிதா மறுபடி ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள், சிபாரிசுக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் உன் பேராசிரியர் உன் கருத்தைக் கேட்டிருக்கிறார் என்றாய். "கிளம்பறதுக்கு முன்னாடி உள்ளதைச் சொல்லிட்டுப் போறேம்மா. சாம்பிளை வெறும் கையால தொடற பொண்ணுன்னு." வெள்ளிக்கிழமை உனக்கு ஜெர்மனிக்கு விமானம். அதற்குள் நீ அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் அந்தப் பெண் ஜென்மத்துக்கும் எந்த ஆய்வகத்திலும் கால் வைக்க முடியாது. ஆகவே கொலைகாரன் சரணடைகிறான்.

இனி உன் பாடத்தை உனக்கே நடத்தப்போகிறேன். பொறுத்துக்கொள். நீ தோசை சாப்பிட்டுக்கொண்டே ஆறு வருடம் எனக்குச் சொன்னதை நான் எந்த லட்சணத்தில் புரிந்துகொண்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு செல்லும் காலை எட்டரை மணி தாம்பரம் ஸ்டேஷன். உள்ளே உட்கருவில் ஜீன்கள் என்கிற மேலதிகாரிகள் இருக்கிறார்கள். வெளியே தலைகாட்டவே மாட்டார்கள். அவர்கள் உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு ஓடுகிற அப்பாவிதான் ஆர்.என்.ஏ. பிறந்த நிமிடத்திலேயே அவன் தலையில் ஒரு தொப்பியை மாட்டுகிறார்கள். அந்தத் தொப்பியை ஒரு புரதம் கொத்தாகப் பிடித்துக்கொள்கிறது. அடுத்து ஒரு கும்பல் வந்து அவன் வயிற்றைக் கிழித்து, வேண்டாத துண்டுகளை உருவி எறிந்துவிட்டு, மயக்க மருந்துகூடக் கொடுக்காமல் தைக்கிறது. அந்தக் கும்பலிலேயே பாதி ஆர்.என்.ஏ., பாதி புரதம், சொந்தக்காரர்களே கிழிக்கிறார்கள். தையல் காய்வதற்குள் உட்கருவின் வாசல் வழியாக வெளியே தள்ளப்படுகிறான். வெளியேதான் நிஜமான அடிதடி. அவன் வாலில் காவல் புரதங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. வாலைக் கடித்துத் தின்னும் புரதங்கள் இன்னொரு பக்கம் காத்திருக்கின்றன. வால் குட்டையானதும் ஒருவன் வந்து தொப்பியை, அதாவது தலையை, வெட்டுகிறான். தலை போனதும் இன்னொருவன் கழுத்திலிருந்து மென்றுகொண்டே வருகிறான். ஒரே இடத்தைக் காப்பவனும் பிடிக்கப் பார்க்கிறான், கொல்பவனும் பிடிக்கப் பார்க்கிறான். எவன் பிடி இறுகுகிறதோ அதுதான் தீர்ப்பு. இந்த ரத்தக்களறிக்கு நடுவில்தான் நான் நிம்மதியாக மோர் குடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நீ சொன்னபோது எனக்குப் புரையேறிவிட்டது.

உன் ஆராய்ச்சி அந்த வன்முறையையும் மிஞ்சியது. செல்லைச் சூடாக்கினால் எந்தப் புரதம் எந்த ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கிறது என்று பார்ப்பது உன் வேலை. சூடு ஏறியதும் உள்ளே எல்லாரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கும்பல் கும்பலாக ஒதுங்குவார்களாம். அந்த நேரம் பார்த்து நீ புற ஊதா ஒளியைப் பாய்ச்சுவாய். யார் யாரைப் பிடித்திருந்தார்களோ அப்படியே ஒட்டிக்கொண்டு சாவார்கள், பிரிக்கவே முடியாது. பிறகு செல்லையே உடைத்துக் கூழாக்கி, ஆர்.என்.ஏ.வை வெட்டுகிற ஒரு கத்திரிப் புரதத்தைச் சொட்டுக் கணக்கில் அளந்து உள்ளே விடுவாய். பிடியில் இல்லாததெல்லாம் துண்டு துண்டாகப் போகும். பிடியில் இருந்த இடம் மட்டும் மிஞ்சும். அதைப் படித்து, இவன் இவனைத்தான் பிடித்தான் என்று தீர்ப்பு எழுதுவாய். எனக்கெல்லாம் எலிப்பொறி வைப்பதற்கே மனம் கூசும். ஆள் யார் என்று தெரிந்துகொள்ள ஊரையே கொளுத்துகிற மகனைப் பெற்றேனே என்று நான் ஸ்டேஷன் ரோடு முழுக்கப் பெருமையடித்தேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ பெங்களூரில் ஏதோ மாநாட்டில் இருந்தாய். எட்டு மாதம் நீ சேர்த்த செல் கூழ், பன்னிரண்டு பெரிய குழாய்களில், மைனஸ் எண்பது ஃப்ரீசரில் உறைந்து கிடந்தது. காலையில் ஃப்ரீசர் அலறத் தொடங்கிவிட்டது. கம்பெனி ஆள் செவ்வாய்க்கிழமைதான் வருவேன் என்று சொல்லிவிட்டான். ஆய்வகத்தில் தனியாக இருந்த கவிதா எனக்குப் போன் செய்தாள். நான் எப்படிப் போனேன் தெரியுமா? சிட்லபாக்கத்திலிருந்து என் ஸ்கூட்டர் தரையில் படவே இல்லை. இரண்டு சிக்னல்கள் என்னைப் பார்த்துத் தாமாகவே பச்சைக்கு மாறின. போய்ப் பார்த்தால், அந்த ஃப்ரீசரில் இரண்டு கம்ப்ரஸர், ஒன்று இன்னொன்றைக் குளிர்விக்கிறது. அதில் ஒன்றைக் கிளப்பிவிடும் ரிலே எரிந்துபோயிருந்தது. அவ்வளவுதான். வெறும் ரிலே. நான் அதை ஏழு தலை நாகத்தை வதம் செய்வதுபோலக் கழற்றினேன்.

கவிதா அதற்குள் உன் குழாய்களை ட்ரை ஐஸ் நிரப்பிய தெர்மோகோல் பெட்டிக்கு மாற்றியிருந்தாள். கையில் இரண்டு ஜோடி உறை, ஒன்றின்மேல் ஒன்று. தலைமுடி வியர்வையில் நெற்றியில் விழுந்தபோது அதை ஒதுக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை, தோளாலேயே தள்ளிக்கொண்டாள். ஐஸ் போதாது என்று பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடினாள். போகிற போக்கில், "அங்கிள், பெட்டியைப் பாத்துக்குங்க, திறந்துடாதீங்க" என்றாள். குளிர் போய்விடும் என்பதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். குளிரைப் பற்றி எனக்கா பாடம்?

மகனே, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் என்கிறவன் தெர்மாமீட்டரை மதிக்க மாட்டான். பால் பூத்தில், ஐஸ்கிரீம் கடையில், மீன் கடையில், எங்கே போனாலும் நான் சுண்டுவிரலை வைத்துப் பார்த்துத்தான் உறைந்திருக்கிறதா, இளகிவிட்டதா என்று சொல்வேன். என் குருவும் அப்படித்தான் பார்த்தார். உன் குழாய்கள் இளகிவிட்டதா என்று எனக்குக் கவலை. உன் எட்டு மாதமல்லவா? மூடியைத் திருகினேன். வலது கைச் சுண்டுவிரலை உள்ளே விட்டு அழுத்தினேன். சுருக்கென்றது. கல் மாதிரி இருந்தது. நிம்மதி. மூடினேன். அடுத்தது. இப்படிப் பன்னிரண்டு குழாய்களும். விரல் செத்துப்போன மாதிரி மரத்துவிட்டது, பனியனில் துடைத்துக்கொண்டேன். கவிதா ஐஸ் வாளியோடு திரும்பி வந்தபோது, எல்லாம் பத்திரம் என்று ராணுவ ஜெனரல் மாதிரி அறிவித்தேன். அவள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

என் விரல் நுனியில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். எல்லார் தோலிலும் இருக்கிற, ஆர்.என்.ஏ.வைக் கண்ட இடத்தில் வெட்டுகிற அதே ஜாதிக் கத்திரிப் புரதம். நீ சொட்டுக் கணக்கில் அளந்து விடுவாயே, அதை நான் வியர்வையோடு வேண்டிய மட்டும் பூசினேன். கொதிக்க வைத்தாலும் சாகாத ராட்சசப் பயலாம் அவன். உறைந்திருந்தவரை சும்மா கிடந்தான். மறு வாரம் நீ குழாய்களை இளக்கியதும் விழித்துக்கொண்டான். பன்னிரண்டு குழாய்களிலும் புகுந்து, பிடித்தவன் பிடிபட்டவன் என்று பார்க்காமல், தலையா வாலா என்று கேட்காமல், கோடி கோடியாகச் சீவித் தள்ளினான். ஒரு புரதம் ஆர்.என்.ஏ.வைப் பிடிப்பதைப் பார்க்க நீ ஆறு வருடம் விளக்கு வைத்துக்கொண்டு அலைந்தாய். அந்தப் பிடி அப்பாவின் சுண்டுவிரலில் நடந்து முடிந்திருந்தது.

அன்று ஆய்வகத்தில் நீ செய்ததை உன் நண்பன்தான் எனக்குச் சொன்னான். பரிசோதனையில் கோடு கோடாக வர வேண்டிய இடத்தில், கோலத்தைக் கையால் தேய்த்த மாதிரி மங்கலாக வந்ததாம். யாரோ வெறும் கையால் தொட்டிருக்கிறார்கள் என்று உனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதுவரை சரி, நீ கெட்டிக்காரன். அடுத்த நிமிடம் குழாய் அடுக்கும் தட்டைத் தூக்கி கவிதாவை நோக்கி எறிந்தாய். அது அவள் காதோரமாகப் போய்ச் சுவரில் உடைந்தது. ஒரு விரல்கடை தள்ளிப் போயிருந்தால் கண் போயிருக்கும். அதுவும் போதாமல் அலமாரிக் கண்ணாடியைக் குத்தினாய். நான் ஊரில் எழுபது தையல் என்று சொல்லி வைத்திருக்கிறேன், நிஜத்தில் நான்கு தையல். "மீன் கழுவுற கையோட லேபுக்குள்ள வந்தா இப்படித்தான்" என்று எல்லார் முன்னாலும் நீ சொன்னாயாம். அவள் உறையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். திரும்ப வரவில்லை. இப்போது நாவலூரில் ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

கையில் கட்டோடு நீ வீட்டுக்கு வந்து, மத்தியானச் சாப்பாட்டில், வெறும் விரல் ஒரு தடவை பட்டால் போதும் எல்லாம் நாசம் என்று அம்மாவுக்கு விளக்கினாய். அப்போது நான் ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். சுண்டுவிரல் சாதத்துக்குள் இருந்தது. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் ஊரெல்லாம் விஞ்ஞானத்தைக் காப்பாற்றியவன் என்று பேர் வாங்கிவிட்டேன். டீக்கடையில் எனக்குத் தனி நாற்காலி. அதை எப்படி விடுவது? ரசத்தில் புளி தூக்கல் என்று மட்டும் சொன்னேன். நீ ஒரு வருடம் ராப்பகலாக உழைத்து அத்தனையையும் மறுபடி செய்தாய். தினமும் உனக்கு டிபன் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தேனே, பாசம் என்று நினைத்தாயா? பயம்.

இது எனக்குப் புதிதும் இல்லை. நீ எட்டாவது படிக்கும்போது என் கேஸ் மீட்டர் காணாமல் போனது. நீதான் எடுத்து விளையாடியிருப்பாய் என்று செம்புக் குழாயால் உன் முதுகில் அடித்தேன். மூன்று அடி. கோடு விழுந்தது. ஒரு வாரம் கழித்து மீட்டர் என் பையிலேயே, டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடைத்தது. உன்னிடம் சொல்லவில்லை. மேற்குத் தாம்பரத்துக்கு அழைத்துப் போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். நீ நான்கு பரோட்டா தின்றுவிட்டு, "இன்னிக்கு என்னப்பா விசேஷம்?" என்றாய். சும்மாதான் என்றேன். இப்படி அடித்துவிட்டுப் பரோட்டா வாங்கிக் கொடுத்தே ஒரு ஆயுளை ஓட்டிவிட்டேன். நீயாவது இந்த வழியில் வராதே. அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரியும். வழி தப்பியவனுக்குத்தான் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது, அதனால் சொல்கிறேன். ஒரு புரதம் எதைப் பிடித்தது என்று எழுத நீ ஆறு வருடம் எடுத்துக்கொண்டாய், மும்முறை சரிபார்த்தாய். ஒரு பெண் எதைத் தொட்டாள் என்று முடிவுகட்ட உனக்கு ஆறு நிமிடம் ஆகவில்லை. போகிற நாட்டிலும் பக்கத்து மேஜையில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். தட்டை எறிகிற கை நான் வளர்த்த கை. அதை அடக்கி வை.

உன் பேராசிரியரிடம் நாளை காலை பத்தரை மணிக்கு நேரம் வாங்கிவிட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் போவேன். சுண்டுவிரலைக் காட்டி, ஐயா குற்றவாளி இவன்தான் என்று ஒப்படைப்பேன். நீ வந்தால் ஸ்கூட்டரில் பின்னால் இடம் இருக்கிறது.

கவிதாவை இன்று காலையே போய்ப் பார்த்துவிட்டேன். பள்ளிக்கரணையில் அம்மாவோடு வாடகைக்கு இருக்கிறாள். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அங்கே என்ன நடந்தது தெரியுமா? அவள் அம்மா மீன் நறுக்கிக்கொண்டிருந்த அரிவாள்மனையோடு எழுந்து நின்றார்கள். ஏழடி உயரம். "இன்னாயா ஆளு நீ? படிச்ச பொண்ண ரெண்டு வருசம் பேஜார் பண்ணிட்டு, இப்ப சாவகாசமா வந்துகினு கீற?" என்று என் கழுத்துக்குக் குறிவைத்து வீசினார்கள். குனிந்தேன்; பின்னாலிருந்த முருங்கை மரம் இரண்டாகப் போனது. ஓடினேன். தெருவே கட்டையோடு துரத்தியது. சதுப்புநிலத்தில் இடுப்பளவு சேற்றில் குதித்தேன். ஆயிரம் நாரைகள் ஒரே நேரத்தில் என் மண்டையைக் கொத்தின. ஒரு காது போய்விட்டது, மூக்கு பாதி. அப்போது கவிதா மொட்டைமாடியில் ஏறி நின்று, பல்லாவரம் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "அன்னைக்கு நான் ஐஸ் எடுக்கப் போனப்போ பெட்டி உங்ககிட்டதான் இருந்துது. என்ன நடந்துதுன்னு அவன் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், அங்கிள். கேக்கவே இல்லையே."

அரிவாள்மனை பொய். அவள் அம்மா விடியற்காலையிலேயே மீன் விற்கப் போய்விட்டார்களாம். தெரு பொய், சேறு பொய், நாரைகள் பொய்; காதும் மூக்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மொட்டைமாடியும் இல்லை. ஆபீஸுக்குக் கிளம்பிய கோலத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், சத்தம்கூடப் போடவில்லை. ஆனால் கடைசியில் அவள் சொன்னதாக எழுதியிருக்கிறேனே, அந்தச் சின்னப் பகுதி மட்டும் நிஜம். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் கூட்டவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா